எட்டுப் படி உருண்ட பெட்டி

என் வீட்டுக்காரர் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடித்ததில்லை. துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டில்மேல் ஏறி நின்றுகொள்வார். ஒருவழிச் சாலையைக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் பார்ப்பார். எதிரே யாராவது கொஞ்சம் வேகமாக வந்தால் போதும், "மெதுவா, மெதுவா" என்பார். அதனால் ஆபீசில் அவர் பெயரே 'மெதுவா' என்று ஆகிவிட்டது. "மெதுவா வந்தாச்சா?", "மெதுவா சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். அவரும் கோபப்பட மாட்டார். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும் அல்லவா.

இப்படிப்பட்ட மனுஷனுக்குக் கிடைத்த வேலை, உடையக்கூடிய பொருளை மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு அலைவது.

செயற்கை மூட்டு விற்கும் ஒரு கம்பெனியில் அவர் டெலிவரி பார்க்கிறார். இடுப்பு மூட்டை மாற்றுகிறார்கள் என்றால், தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டு, அதன் தலையில் ஒரு பந்து, அந்தப் பந்து சுழல்வதற்கு இடுப்பில் ஒரு கிண்ணம். ஒரு ஆளுக்கு வேண்டியது ஒரே ஒரு பந்துதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது பத்துப் பந்து. திறந்து பார்த்த பிறகுதான் எந்த அளவு சரியாக உட்காரும் என்று டாக்டருக்கே முழுசாகத் தெரியும். செருப்புக் கடையில் பத்து ஜோடியை இறக்கச் சொல்லிவிட்டு ஒன்றை வாங்குகிறோமே, அதே கதைதான். ஒன்று உள்ளே போகும். மிச்சம் ஒன்பது ஸ்டோருக்குத் திரும்பி, இன்னொரு நாள் இன்னொரு ஆளுக்காகப் புறப்படும். அந்தப் போக்குவரத்துதான் அவருடைய உத்தியோகம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், பந்து செராமிக் என்றார். நான் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். செராமிக் என்றால் எனக்குச் சமையலறைதான் ஞாபகம் வரும்.

"பீங்கானா? டீ கப்பு, தட்டு, அந்தப் பீங்கானா?"

"அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வச்சுக்கோ. இது வேற ரகம். எஃகவிட கெட்டி. இருபது முப்பது வருஷம் உரசினாலும் தேயாது."

"அப்புறம் ஏன் பச்சக் குழந்தையத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போறீங்க?"

"தேயாதுதான். ஆனா கீழ விழுந்து படக்கூடாத இடத்துல ஒரு அடி பட்டுட்டா, உள்ளுக்குள்ள மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் என்னிக்கோ ஒருநாள், அந்த ஆள் படி இறங்கும்போது..." என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

ஸ்டோர் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். கீழே விழுந்த பெட்டியை யாருக்கும் கொடுக்கக் கூடாது, வெளியே சேதம் தெரியாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று கம்பெனி எழுதிய விதி. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தவளே நான்தான். ஒரு எழுத்து விடாமல் எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை வேளை அது நடந்தது. ஆஸ்பத்திரியில் லிப்ட் வேலை செய்யவில்லை. தியேட்டர் மூன்றாவது மாடி. இவர் இரண்டு தோளிலும் இரண்டு பையை மாட்டிக்கொண்டு படியேறினார். மூன்றாவது மாடியைத் தொடும் நேரத்தில் ஒரு பையின் ஜிப் பிளந்து, மேலாக இருந்த பெட்டி நழுவியது. கையை நீட்டினார், விரல் நுனியில் பட்டுத் தப்பித்துவிட்டது. எட்டுப் படி உருண்டு, சுவரில் மோதி நின்றது. எட்டு என்று எப்படித் தெரியும் என்றால், அதற்குப் பிறகு அவர் அந்தப் படிகளை எண்ணாத நாளே இல்லை.

ஓடிப்போய் எடுத்துப் பார்த்தார். வெளி அட்டையின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. முப்பத்திரண்டாம் அளவு. அந்தப் பையில் அந்த அளவில் இருந்தது அது ஒன்றுதான். குலுக்கிப் பார்த்தார், சத்தமில்லை. அதற்குள் மேலே கதவு திறந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் சார்? ஆளை டேபிள்ல படுக்க வச்சாச்சு."

சொல்லத்தான் வாயைத் திறந்தாராம். அவள் இரண்டு பையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கையில் இருந்த நசுங்கின பெட்டியையும் சேர்த்துத்தான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் நோயாளியின் மனைவி. அந்த அம்மாவே சொன்னாராம், தன் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், ஓட்டமும் குதியுமாக இருந்த மனுஷன், ஒரு வருஷமாகச் சாக்ஸ் போட முடியாமல் தவிக்கிறார் என்று. இவர் கேட்டுக்கொண்டே கதவைப் பார்த்திருக்கிறார். எழுந்து போய்த் தட்டப் பத்து அடி தூரம்தான். எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு ஆயா குப்பைப் பையை வெளியே கொண்டுவந்தாள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை. அதற்குள் மூலை நசுங்கின அட்டைப்பெட்டி, கிழித்துத் திறந்து காலியாகக் கிடந்தது.

திறந்துவிட்டார்கள் என்றால் போட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம். இவருக்கு மட்டுமில்லை, யாருக்கும் அப்படித்தான் தோன்றும். திரும்பி வந்த ஒன்பதையும் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் ஸ்டோர்காரரிடம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நான் கடையை மூடிவிட்டு வந்ததும் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "நாளைக்குப் போயி டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். இப்பவே சொன்னா மாத்திடலாம்ல?" என்றார்.

இங்கேதான் நான் வருகிறேன். நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன்.

"என்ன, புத்தி கெட்டுப் போச்சா? தச்சு மூடினவரை மறுபடி அறுப்பாங்களா? உங்களைத்தான் வேலைய விட்டு அறுப்பாங்க. பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல கால் வச்சிருக்கா. அத்தனை பஞ்சு, அத்தனை பிளாஸ்டிக்கு சுத்தி வருது, ஒண்ணும் ஆகியிருக்காது. யாரோ ஒருத்தர் இடுப்பு, நமக்கென்ன. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் சாப்பிடவில்லை.

அந்தப் பெட்டியின் எண் அவரிடம் இருந்தது. பெட்டிகள் வெளியே போகும்போது பத்து அளவும் எண்ணும் வரிசையாக எழுதின சீட்டு ஒன்று கூடவே போகும். கார்பன் பிரதி இவரிடம் தங்கிவிடும். அந்தப் பிரதியை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். வேறு யாராவது என்றால் கிழித்துப் போட்டிருப்பார்கள். இவர் அதைத் தாயத்து மாதிரி பத்திரப்படுத்தினார். கடைசி நாலு எண் 4071. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு இரண்டு வேலை. ஒன்று கம்பெனி வேலை. இன்னொன்று, பி.டி. மாஸ்டரைக் கண்காணிப்பது. மாஸ்டர் மூன்றாம் மாதமே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. இவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாஸ்டர் நடந்தால் இவருக்கு நிம்மதி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ரெண்டு எட்டு ஓடினால் இவருக்கு இங்கே மூச்சு நின்றுவிடும். ஒருநாள் மாஸ்டரே வேலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"யாருங்க நீங்க? டெய்லி பாக்குறேன். உங்க பிள்ளை இங்க படிக்குதா?"

"இல்ல சார். நான்தான் உங்க ஆபரேஷனுக்குப் பெட்டி கொண்டாந்தேன்."

"அடடே, நம்ம ஆளு" என்று மாஸ்டர் வேலிக்கு மேலாகவே கையைக் குலுக்கினார். "பிரமாதமான சாமான்யா. ஸ்கிப்பிங்கூட ஆடிப் பாத்துட்டேன்."

"ஐயோ, மெதுவா சார்."

அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள். மாஸ்டருக்கு இவர்மேல் ரொம்பப் பிரியம். பெட்டி தூக்கினவன் இப்படித் தேடிவந்து நலம் விசாரிப்பானா, இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கு வந்து என்னிடமே சொன்னார். கேள்வித்தாள் நூறு பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் மிஷினைப் பார்த்தபடி, "ஆமா சார், அவர் மனசு அப்படி" என்றேன்.

ஒருமுறை மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "குனிஞ்சு எழுந்தா சமயத்துல உள்ள கீச்னு ஒரு சத்தம் வருதுயா. எண்ணெய் விடணும் போல" என்றாராம். செராமிக் மூட்டில் சிலருக்கு அப்படிச் சத்தம் வருவது உண்டாம், வெறும் சத்தத்தோடு போய்விடும் என்று டாக்டரே சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டார். மாஸ்டர் சமாதானமாகிவிட்டார். இவர் ஆகவில்லை. நாலு நாள் வெறும் தண்ணீர். எங்கள் வீட்டில் கதவு கீச்சிட்டால், மின்விசிறி கீச்சிட்டால், இவர் தலை வெடுக்கென்று திரும்பும். நான் எல்லாக் கீலுக்கும் எண்ணெய் விட்டேன். எனக்கு எரிச்சலாக வந்தது. நிஜத்தைச் சொன்னால், எனக்கும் பயமாக இருந்தது. பயத்தை ஒப்புக்கொள்வதைவிட எரிந்து விழுவது எனக்கு எளிது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் என் முறை வந்தது.

எனக்கு மூச்சுத் திணறல் உண்டு. அதற்காக வருஷக்கணக்கில் முழுங்கின மாத்திரை, இடுப்பு எலும்புக்குப் போகிற ரத்தத்தை நிறுத்திவிட்டதாம். முதலில் தொடையில் வலி. பிறகு கடையில் ஸ்டூல் இல்லாமல் நிற்க முடியவில்லை. பிறகு ஸ்டூலில் உட்காரவும் முடியவில்லை. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பந்து முனை நசுங்கிப் போச்சும்மா, மாற்றித்தான் ஆகணும் என்றார். நாற்பத்தாறு வயசுதான், இன்னும் நெடுங்காலம் நடக்க வேண்டியவள், செராமிக்கே போடலாம், தேயாது என்றார்.

"வேற எதுவும் இல்லீங்களா டாக்டர்? இரும்பு, கிரும்பு?"

டாக்டர் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் கம்பெனியில இருந்துக்கிட்டு நீங்களே பயந்தா எப்படி?"

வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். வெளிறிப்போய் நின்றார். வீட்டுக்கு வந்ததும், "நானே பாத்து எடுத்துட்டு வர்றேன். வேற யாரையும் தொட விட மாட்டேன்" என்றார். அவர் இவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

சொன்னபடி செய்தார். எக்ஸ்ரேயில் அளந்து முப்பத்திரண்டு என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஸ்டோரில் அந்த அளவில் நாலு பெட்டி இருந்தன. நாலையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஆறு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஒன்றில் மூலை மழுங்கியிருந்தது. ஒன்றில் அழுக்கு விரல் ரேகை. இன்னொன்றில் ஒட்டின தாள் ஓரம் கிளம்பியிருந்தது. நாலாவது மட்டும் புத்தம் புதுசு. அட்டையில் ஒரு கீறல் இல்லை, மூலை நாலும் கத்தி மாதிரி. ஸ்டோர்காரர்கூட, "பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி பாக்குறியே" என்று கிண்டலடித்தாராம். அதை எடுத்தார். ஸ்கூட்டரை நம்பாமல் வாடகைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மற்ற அளவுகளை வேறு ஆள் கொண்டுவந்தான். இது மட்டும் இவர் கையில். லிப்டையும் நம்பவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து ஏறினார். நான் அப்போது மேலே வார்டு வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தேன். பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வருவதைப் பார்த்தேன். அழுகை வந்தது. இந்த மனுஷனையா இத்தனை வருஷம் பயந்தாங்கொள்ளி என்று திட்டினோம் என்று நினைத்தேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. மூன்றாம் மாதம் கடையில் நின்றேன். வலி போன இடம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்தார்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், என்ன சாமான் என்று எழுதி, பெட்டியில் இருந்த எண் ஸ்டிக்கரையும் ஒட்டியிருந்தார்கள். எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொன்னார்கள். நான் அதை லேமினேஷன் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் அந்த அட்டையைப் பார்க்கவே மாட்டார். ஸ்டிக்கரைக் கண்டாலே அவருக்கு மாஸ்டர் ஞாபகம் வந்துவிடும். அந்த 4071க்குப் பிறகு எந்தப் பெட்டியின் எண்ணையும் அவர் படிப்பதில்லை, ஸ்டோரில் கொடுக்கிற சீட்டையும் பார்க்காமலே மடித்து வைத்துவிடுவார்.

போன மாதம் ஒரு முற்பகலில் போன் வந்தது. மாஸ்டரின் மனைவி. பிள்ளைகளுக்குத் தாண்டிக் காட்டுகிறேன் என்று மணல் குழியில் குதித்தவர் எழுந்திருக்கவில்லையாம். இடுப்பில் படக்கென்று ஏதோ சத்தம் கேட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இவர் போனை வைத்துவிட்டு என் கடைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒடஞ்சிடுச்சு. நான்தான் ஒடச்சேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ஷட்டரை இறக்கிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரே அறை வாசலில் டாக்டர் வந்துகொண்டிருந்தார். இவர் குறுக்கே போய் நின்றுவிட்டார். மூன்று வருஷமாக விழுங்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார். லிப்ட், ஜிப், எட்டுப் படி, நசுங்கின மூலை, குப்பைப் பை. டாக்டர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"மூணு வருஷமாவா?" என்றார் டாக்டர். "மூணு வருஷமா இதைச் சொல்லாம இருந்தீங்களா?"

இவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்டர் மாஸ்டரின் கோப்பை வாங்கிப் புரட்டினார். எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பந்து முழுசா இருக்கு. தொடைத் தசைதான் கிழிஞ்சிருக்கு. ரெண்டு மாசத்துல சரியாயிடும்" என்றார். பிறகு கோப்பில் ஒட்டின ஸ்டிக்கர்மேல் விரலை வைத்தார். "நீங்க கீழ போட்டது என்ன அளவு சொன்னீங்க?"

"முப்பத்திரண்டு சார்."

"இவருக்குப் போட்டது முப்பத்தாறு. விளையாடுற ஆளு, பெரிய பந்துன்னா சட்டுனு நழுவாதுன்னு கடைசி நேரத்துல மாத்தினேன். எனக்கு ஞாபகம் இருக்கு. சிஸ்டர் அதுக்குள்ள முப்பத்திரண்டோட வெளி அட்டையப் பிரிச்சுட்டாங்க. உள்பெட்டி சீல் பிரிக்கல. அதை அப்படியே திருப்பி அனுப்பிட்டோம்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அழுதார். டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டருக்கு இல்லை, மாஸ்டருக்கு இல்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மூன்று வருஷம் அவர் முதுகில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கும் ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று. ஒரே ஒரு கணம்தான்.

ஏனென்றால் எனக்கு எண்ணிப் பார்க்கிற பழக்கம் உண்டு. மிஷினில் பத்துத் தாள் போட்டால் பத்தும் வெளியே வந்ததா என்று பார்ப்பேன். ஒன்று குறைந்தால் அது உள்ளே எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த முப்பத்திரண்டு சீல் பிரியாமல் ஸ்டோருக்குத் திரும்பியிருக்கிறது. விழுந்தது என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் அது எங்கே போயிற்று?

நான் வராந்தாவிலேயே ஸ்டோர்காரருக்குப் போன் போட்டேன். வெளி அட்டை இல்லாமல் திரும்பி வருகிற பெட்டிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"உள்சீல் நல்லா இருந்தா புது அட்டை மாட்டி வச்சிடுவோம்மா. அதுல அளவு மட்டும்தான் போடுவோம், எண் உள்பெட்டியிலதான் இருக்கும். அட்டை கிழிஞ்சிருந்தா ஆஸ்பத்திரில வாங்க மாட்டேங்குறாங்க. எப்பவும் பண்றதுதான். ஏன் கேக்குறீங்க?"

புத்தம் புதுசு. கீறல் இல்லை. மூலை நாலும் கத்தி மாதிரி.

"அந்தச் சீட்டை எடுங்க" என்றேன் இவரிடம். அவருக்கு இன்னும் புரியவில்லை. சிரித்த முகத்தோடுதான் பர்சைத் திறந்து அந்த நாலாக மடித்த கார்பன் தாளைக் கொடுத்தார். நான் கைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

4071.

நான் நின்றுகொண்டிருந்தேன். மூட்டு மாற்றின வலது காலில் என் முழு எடையும் இருந்தது. அது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மெதுவாக இடது காலுக்கு மாற்றிக்கொண்டேன். அந்த எண்ணைப் பார்த்த அவர் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. விவரிக்க எனக்கு வராது.

டாக்டர் என்னை உட்கார வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார். இப்போதைக்கு முழுசாகத்தான் இருக்கிறது என்றார்.

"உள்ள விரிசல் இருந்தா தெரியுமா டாக்டர்?"

"ஒடஞ்சா தெரியும். மயிரிழை விரிசல் படத்துல தெரியாதும்மா. இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டிக்குள்ள மெத்தை மாதிரி வச்சுத்தான் அனுப்புறாங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"எடுத்துட்டு வேற போட்டா?"

"நல்லா ஒட்டி உட்கார்ந்திருக்கிறதைக் கழட்டுறதே பெரிய ஆபத்து. ஒடையாத வரைக்கும் நான் தொட மாட்டேன். திடீர்னு வலி, கீச்னு சத்தம், கரகரன்னு உள்ள அரைக்கிற மாதிரி ஏதாவது இருந்தா, அந்தக் கால ஊனாம உடனே வந்துடுங்க."

ஒடைஞ்சா என்ன ஆகும் என்று கேட்டேன். தூள் தூளாகப் போகுமாம். ஒரு துண்டு விடாமல் பொறுக்கி எடுக்க வேண்டுமாம். இந்த விவகாரம் முழுசும் எழுத்தில் வேண்டும், கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும், புது அட்டை மாட்டின பெட்டி இன்னும் எத்தனை பேருக்குள் இருக்கிறதோ என்று டாக்டர் இவரிடம் கடுமையாகச் சொன்னார்.

வாடகைக் காரில் வீட்டுக்கு வரும்போது இவர் என் கையைப் பிடித்திருந்தார். "அன்னிக்கே நான் சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவர் சொல்லத்தான் இருந்தார். நாளைக்குப் போய்ச் சொல்கிறேன் என்றுதான் சொன்னார். சொல்லியிருந்தால் அன்றைக்கே கோப்பைப் பார்த்திருப்பார்கள், மாஸ்டருக்கு இல்லை என்று தெரிந்திருக்கும், அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து ஓரம் கட்டியிருப்பார்கள். யாரோ ஒருத்தர் இடுப்பு, நமக்கென்ன, வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க என்று சொன்னவள் நான். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ விஷயத்துக்கு அவரைத் திட்டியிருக்கிறேன். இதற்குத் திட்ட என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவர் ஒருதரமாவது, நீதானே சொன்னே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நான் தாங்க மாட்டேன் என்று அதற்கும் பயம்.

இப்போது மாஸ்டருக்குப் பின்னால் நடந்தவர் எனக்குப் பின்னால் நடக்கிறார். நான் படி இறங்கினால் இரண்டு படி முன்னால் இறங்கி, என்னைப் பார்த்தபடி பின்புறமாகவே இறங்குகிறார். விழுந்தால் பிடிக்கிறாராம். மாஸ்டர் கைத்தடியோடு கடைக்கு வந்து, "என்னம்மா, என்னை விட்டுட்டு இப்ப உங்களுக்குக் காவல் நிக்கிறாரா" என்று சிரித்தார். அவரிடம் மட்டும் நாங்கள் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. பகலெல்லாம் கடையில் மிஷின் ஓடும் வரைக்கும் எனக்குப் பரவாயில்லை. மிஷின் நின்ற பிறகு என் உடம்பு முழுக்கக் காதாகிவிடுகிறது.

நேற்று மதியம் கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டு அந்தக் கடிதத்தை அடித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தேதி, மாடி, அளவு, எண். வேலை போகும் என்று இருவருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எதற்காக வாயை மூடச் சொன்னேனோ அது இப்போது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அன்றைக்கே அவரைச் சொல்லவிடாமல் தடுத்தது நான்தான் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். அது வேண்டாம் என்றார். வேண்டும் என்றேன். மூன்று பிரதி எடுத்து அவரிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். கீழே நோயாளி என்று ஒரு இடம் விட்டிருந்தோம். அதில் நான் போட்டேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

கீச் என்றது.

அவர் அப்படியே நின்றுவிட்டார். என் முகத்தையே பார்த்தார்.

"ஸ்டூல்தாங்க" என்றேன். "பழைய ஸ்டூலு. எண்ணெய் விடணும். போய்த் தபால்ல சேத்துட்டு வாங்க, வந்து சாப்பிடலாம்."

அவர் ஸ்டூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார்.

அவர் போன பிறகு ஸ்டூலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்த்தேன். அது ஒரு சத்தமும் போடவில்லை. மறுபடி உட்கார்ந்து எழுந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒற்றைக் காலில் மிஷினைப் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பி வரும் வரைக்கும் அப்படியே நின்றிருந்தேன்.